ஸ்கூபா டேங்க்கைக் காரில் நிறுத்தி எடுத்துப் போகலாமா, படுக்க வைக்க வேண்டுமா?

ஜொகூரில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு), நீருக்கடியில் மூச்சு விடக் காற்று நிரப்பிய ஸ்கூபா டேங்க்குகளைச் சொந்தக் காரில் கொண்டு போக வேண்டும், நிறுத்தி வைப்பதா படுக்க வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். படுக்க வையுங்கள். குளுவாங்கில் ஒரு டைவ் கடையில் டேங்க் நிரப்புவதும் ஏற்றி இறக்குவதும்தான் என் வேலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

டேங்க்கின் உடம்பு நல்ல உறுதி. பரவலாகப் புழங்கும் 11 லிட்டர் அலுமினிய டேங்க்கில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். ஆபத்தான இடம் கழுத்தில் இருக்கும் வால்வு. நிற்கிற டேங்க் சாய்ந்தால் அதுதான் போய் எதிலாவது இடிக்கும். வால்வு முறிந்தால் காற்று முழுவதும் அந்த ஓட்டை வழியாகச் சீறும், 17 கிலோ உலோகம் வாணம் மாதிரி பாயும். அது அபூர்வம். ஆனால் வால்வைத் திருகும் குமிழ் வளைந்து திறக்க வராமல் போவதும், காலில் விழுந்து விரல் நசுங்குவதும் அபூர்வம் இல்லை. கடைக்கு வரும் தம்பிகள் "ரெண்டு நிமிஷம்தானே அண்ணே, நிக்கட்டும்" என்பார்கள். கையை எடுக்கும் முன் படுக்க வைத்துவிடு என்றுதான் எப்போதும் சொல்கிறேன்.

மெர்சிங் போகிற வழியில், கஹாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்டத்துப் பாதையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும். திடீரென்று பிரேக் போட வேண்டி வரும். அதனால் காரின் பூட்டில், அதாவது பின்னால் சாமான் வைக்கும் இடத்தில், குறுக்காக, பின்சீட்டின் முதுகோடு ஒட்டிப் படுக்க வையுங்கள். உருளாதபடி மறுபக்கம் ஒரு கட்டை கொடுத்துப் பட்டையால் இறுக்குங்கள். வால்வுக்கும் கார்ச் சுவருக்கும் நடுவில் பழைய துண்டைத் திணியுங்கள். மூச்சு இழுக்க வால்வில் மாட்டும் கருவியான ரெகுலேட்டரை மாட்டியபடியே கொண்டு போகவே வேண்டாம்.

அப்புறம் வெயில். 30 டிகிரியில் 200 பார் இருந்தது, மூடிய காருக்குள் 60 டிகிரிக்குச் சூடேறினால் 220 பார் ஆகிவிடும். சரியாக நிரப்பிய, சோதனை தவறாத டேங்க் இதைத் தாங்கும். அளவுக்கு மீறி நிரப்பியிருந்தால், வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு கிழிந்து காற்று வெளியேறலாம். சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள்.

தோட்டத்து வேனில் ஏற்றுபவர்களும் உண்டு. களைக்கொல்லி, டீசல் கலன், எண்ணெய் துணி எல்லாம் கிடந்த இடத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள். வால்வு வாயில் ஒட்டுவது, மூச்சு இழுக்கும் இடத்தில் ஒட்டுவதுதான். நிரப்பியதும் நாங்கள் அந்த வாயில் டேப் ஒட்டித் தருவோம். அழுக்கு போகாது, எது நிறைந்தது என்றும் பார்த்ததும் தெரியும். ஜெட்டியில் டேப்பைப் பிரித்ததும் வால்வு வாயில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், இடத்தில் இருக்கிறதா, வெட்டுப் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாயை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, வால்வை ஒரு நூல் அளவு திறந்து மூடுங்கள். நீர்த்துளி இருந்தால் தெறித்துப் போய்விடும். அதன் பிறகு ரெகுலேட்டர்.

திரும்பும்போதும் இதே மாதிரி படுக்க வைத்துத்தான் வர வேண்டும். முழுக்கக் காலி செய்து வால்வைத் திறந்து போடாதீர்கள். ஈரக்காற்று உள்ளே போய் உட்சுவரை அரிக்கும். 30 பாராவது மிச்சம் வைத்து மூடிக் கொண்டு வாருங்கள்.