கழிப்பறை கட்ட 15 சதவீதம் கமிஷனா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். அருகிலுள்ள கார் தொழிற்சாலை ஊழியர்கள் ஒரு சனிக்கிழமை வந்து சுவருக்கு வண்ணம் அடித்து, மரக்கன்று நட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்குத் தேவை கழிப்பறை. அந்த நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணத்தில் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். நாங்கள் டிரஸ்ட் தொடங்கி ‘சிஎஸ்ஆர் நம்பர்’ எடுக்க 40,000 ரூபாய், பிறகு வரும் தொகையில் 15 சதவீதம் கேட்கிறார். தொழிலாளர்களின் பிள்ளைகள் எங்களிடம் படிப்பதால் சட்டச் சிக்கல் உண்டு, அதையும் தானே சரிசெய்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்லும் நம்பர், சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தைத் தாக்கல் செய்தால் கிடைக்கும் பதிவு எண். நிறுவனத்திடம் பணம் வாங்கி அதன் சார்பில் வேலையை முடித்துக் கொடுக்கும் அமைப்புக்குத்தான் அது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். பலன் பெறும் பள்ளிக்கு அல்ல. நிறுவனமே ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டினாலும், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் கட்டினாலும் உங்களுக்கு எந்த எண்ணும் வேண்டியதில்லை. அந்தப் படிவத்துக்கு அரசுக் கட்டணமும் கிடையாது. அதோடு, டிரஸ்டுக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரித் துறைப் பதிவுகளும், அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும் என்கிறது விதி. நேற்று தொடங்கிய டிரஸ்டை வைத்துக்கொண்டு அவர் எந்த நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பார்?

15 சதவீதம் எங்கிருந்து வரும் என்றும் யோசியுங்கள். நிறுவனம் தன் சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவாகக் காட்டக்கூடியதே மொத்தத்தில் 5 சதவீதம்தான். அது அவர்களுடைய அலுவலகச் செலவு, தரகருக்கானது அல்ல. ஆகவே பில்லில் ஏற்றுவார்கள், அல்லது சிமென்டில் குறைப்பார்கள். பணம் சொன்ன வேலைக்கே செலவானதா என்று நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். அப்போது கேள்வி வருவது டிரஸ்ட் பெயரில் கையெழுத்துப் போட்ட உங்களிடம். ஆலோசகரின் கைபேசி அணைக்கப்பட்டிருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் அவர் கால் உண்மையை வைத்து முழுப் பயம் காட்டுகிறார். ஊழியர்களுக்கு மட்டும் என்று திட்டமிட்ட செலவு சிஎஸ்ஆர் ஆகாது. அது ஊழியர் நலன். தொழிற்சாலைக் குடியிருப்புக்குள், ஊழியர் குழந்தைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்குக் கழிப்பறை கட்டினால் கணக்கில் ஏறாது. உங்களுடையது யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய அரசுப் பள்ளி. பொதுமக்களுக்கான வேலையில் ஊழியர் குடும்பங்களும் தற்செயலாகப் பலன் பெற்றால் தவறில்லை என்று கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் தொழிலாளர் பிள்ளைகளாக இருந்தாலும் பள்ளி எல்லோருக்கும் திறந்திருக்கும்வரை சிக்கல் இல்லை. இதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டினால் இந்த ஆட்களுக்குப் பிழைப்பே இருக்காது. ஆங்கில சுற்றறிக்கைக்குள் வைத்திருந்தால் யார் படிப்பது?

இனி, சனிக்கிழமை வந்தவர்கள். ஊழியர்கள் கொடுக்கும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு சிஎஸ்ஆர் செலவில் சேர்க்க முடியாது. ஆகவே அவர்கள் வந்து போனதால் உங்கள் பள்ளிக்கு எதுவும் ஒதுக்கியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல நிறுவனங்களில் தன்னார்வப் பணியை மனிதவளத் துறை நடத்தும். கழிப்பறைக்குப் பணம் ஒதுக்குவது சிஎஸ்ஆர் பிரிவு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே அபூர்வம். வண்ணம் அடித்த சுவருக்கே மறுபடி வண்ணம் அடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் கூத்து இதனால்தான். வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பலர் மனதார வருகிறார்கள். ஆனால் மின்சாரமும் குழாயும் அறிந்த பொறியாளர்கள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து அனுப்புவது என்ன திட்டமிடல்? அடுத்த முறை வந்தால் மரக்கன்று வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் வசதி, கழிவுநீர்த் தொட்டிக்கு இடம், உத்தேசச் செலவு ஆகியவற்றை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சிஎஸ்ஆர் பிரிவில் யாரிடம் கொடுப்பது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனம் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். முன்னுரிமைதான், கட்டாயம் அல்ல. அதனால் உரிமைக்குரலில் எழுத வேண்டாம். சிஎஸ்ஆர் குழுவில் இருப்பவர்கள், கொள்கை, ஒப்புதல் பெற்ற திட்டங்கள் எல்லாம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள். மேலாண்மைக் குழுத் தீர்மானம், தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறையின் ஒப்புதல், மாணவ மாணவியர் எண்ணிக்கை, இப்போதைய கழிப்பறையின் படம் ஆகியவற்றை இணைத்தால் போதும். அரசுப் பள்ளிகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்திலும் தலைமையாசிரியர் மூலம் உங்கள் தேவையைப் பதியுங்கள். நிறுவனங்கள் அந்த வழியிலும் கொடுக்கின்றன.

ஆண்டுத் திட்டம் ஏப்ரலில் தொடங்கும். ஆகவே பொங்கலுக்கு முன்பே கடிதம் போய்ச் சேரட்டும். மார்ச் கடைசியில் செலவாகாத பணத்துக்கு இடம் தேடி அவர்களே ஓடி வருவார்கள். ஆனால் அந்த அவசரத்தில் வருவது அநேகமாக மரக்கன்றாகத்தான் இருக்கும்.