கருத்தரிக்கும் முன் குறைக்க வேண்டிய எடை

கேள்வி: எனக்கு வயது 29, உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ. குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறோம். ‘முதலில் கரு தங்கட்டும், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் மாமியார். கர்ப்பமான பிறகு உணவைக் குறைத்து எடையைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. எடையைக் குறைக்க வேண்டிய காலம் இதுதான். கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்தால், வளரும் சிசுவுக்குச் சேர வேண்டிய புரதமும் இரும்புச்சத்தும் குறைந்துவிடும்.

உங்கள் உடல் நிறை எண் (பி.எம்.ஐ. – கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 29. உலக அளவில் 30க்கு மேல்தான் உடல் பருமன் என்பார்கள். ஆனால் நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு எட்டிப்பார்ப்பதால், இந்திய மருத்துவர்கள் 25ஐயே பருமனின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது மூன்றரை முதல் ஏழு கிலோ வரை குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர உதவும். மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தால் அதுவும் சீராக வாய்ப்புண்டு. கூடவே ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கிவிடுங்கள். அளவை மருத்துவர் சொல்வார்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. கர்ப்பம் வளர வளர, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாத் தாய்மார்களுக்குமே இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. ஏற்கெனவே எடை கூடியவரின் கணையம் இதை ஈடுகட்ட முடியாமல் திணறும்போது கர்ப்பகால நீரிழிவு வருகிறது. தாயின் ரத்தத்தில் மிகும் சர்க்கரை சிசுவுக்கும் போக, அது தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து அளவுக்கு மீறிப் பருக்கிறது; பிரசவத்தில் தோள் சிக்கலாம், பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் சர்க்கரை சட்டெனக் குறையலாம். உயர் ரத்த அழுத்தம், சிசேரியன், கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறைதல் ஆகிய அபாயங்களும் எடையோடு சேர்ந்தே கூடுகின்றன.

மாறாக, மிக மெலிந்த பெண்களுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரலாம் என்பதால், அவர்கள் எடையைக் கூட்டிக்கொண்ட பிறகு கருத்தரிப்பதே நல்லது.

கரு தங்கியபின் எடை கூடத்தான் வேண்டும். அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உடல் நிறை எண் 25 முதல் 29.9 வரை உள்ள உங்கள் பிரிவினருக்கு மொத்தம் 7 முதல் 11.5 கிலோ வரை போதும். ‘இரண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவார்கள். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவே அநேகமாகத் தேவையில்லை. அந்தக் கரண்டிச் சோற்றுக்குப் பதில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் முதல் பரிசோதனையிலேயே சர்க்கரையைப் பார்த்துவிட்டு, 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் பாருங்கள். 20 வாரங்களுக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் இவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.