ராத்திரி ஓடும் கொசு மெஷின், பகலில் கடிக்கும் கொசு

கேள்வி: தினமும் இரவு கொசு மெஷின் போட்டுத்தான் தூங்குகிறோம். அப்படியும் பையனுக்கு டெங்கு வந்துவிட்டது. ஆன்லைனில், காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் அல்ட்ராசோனிக் கருவியும், நீல விளக்குப் பொறியும் பார்த்தேன். எதை வாங்கலாம்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் மெஷின் மேல் தப்பில்லை, அதைப் போடும் நேரம்தான் பொருந்தவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிக்கிற கொசு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வரி. கணுக்காலைத்தான் அதிகம் தேடி வரும். விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்குப் பசி உச்சம். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸும், மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸும் இரவுக்காரர்கள். வெளிச்சத்தை மட்டும் பார்த்து அவை நேரம் அறிவதில்லை. ஆய்வகத்தில் முழு இருட்டிலேயே வைத்திருந்தாலும் ஏடிஸ் தன் நேரத்துக்குத்தான் பறக்கத் தொடங்கும். கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதற்காக இரவில் கடிக்கவே கடிக்காது என்றில்லை. ராத்திரியும் லைட் எரியும் வீட்டில் அப்போதும் கடிக்கும்.

ரீஃபில் பெட்டியைப் பாருங்கள், 'இத்தனை இரவு' என்றுதான் போட்டிருப்பார்கள். நீங்கள் காலையிலும் மாலையிலும் சேர்த்துப் போட்டால் அது சீக்கிரம் தீரும். அந்தச் செலவு பரவாயில்லை. பகலில் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் அதன் பலன் குறையும் என்பதால், பணத்தை முதலில் ஜன்னல் வலைக்குப் போடுங்கள். பையன் பள்ளிக்கும் மாலை விளையாடவும் கிளம்பும்போது கை காலில் கொசு விரட்டி க்ரீம். எந்த வயதுக்கு என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். மதியம் தூங்கும் குழந்தைக்குக் கொசு வலை.

அல்ட்ராசோனிக் சமாச்சாரம் வெறும் ஏமாற்று. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 10 கள ஆய்வுகளை அலசி 2007இல் வெளியிட்ட தொகுப்பு, அது கடியைத் தடுப்பதற்கு ஆதாரமே இல்லை என்றது. நீல விளக்கில் விழுவது பெரும்பாலும் கடிக்காத வேறு பூச்சிகள். கொசு தேடுவது நம் மூச்சுக்காற்றையும் உடல் வாடையையும் சூட்டையும். அதற்கு விளக்கு எதற்கு? அப்புறம், பதிவு எண் இல்லாத கொசு ஊதுபத்தியை மலிவு என்று வாங்காதீர்கள். உள்ளே என்ன மருந்து என்பது விற்பவருக்கே தெரியாது.

காசில்லாத வேலை ஒன்று: முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை ட்ரம்மைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் இழுத்துப் பாருங்கள்.