சிற்பத்தில் சாவு: கேள்வி பதில்

காரைக்கால் அம்மையாரை ஏன் எலும்பும் தோலுமாக வடிக்கிறார்கள்? குழந்தைகள் பயப்படுகிறார்கள். (கும்பகோணம்)

அவர் கேட்டு வாங்கிய உருவம் அம்மா அது. கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுரு வேண்டினார் என்கிறது பெரியபுராணம். செப்புத் திருமேனிகளில் விலா எலும்பை எண்ணலாம், மார்பு வற்றியிருக்கும். அப்புறம் முகத்தைப் பாருங்கள், சிரிப்பார். கையில் தாளம். குழந்தைக்கு முதலில் அந்தத் தாளத்தைக் காட்டுங்கள்.

தரங்கம்பாடியில் கல்லறை எழுத்து தேய்ந்திருக்கிறது. சாக்பீஸ் தேய்த்துப் படிக்கலாமா?

கூடவே கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழலில் எழுத்து எழும்பி வரும்.

பழவேற்காடு டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு பார்த்தேன். அம்மையாரும் அதுவும் ஒன்றுதானே? (நாகப்பட்டினம்)

இல்லை. ஐரோப்பிய மண்டையோடு பார்ப்பவனிடம் பேசுகிறது: நீயும் இப்படித்தான் ஆவாய். ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தில், பட்டும் படாடோபமுமாக நிற்கும் இருவரின் காலடியில் மண்டையோடு இழுபட்டுக் கிடக்கும். ஓரமாகப் போய் நின்றால்தான் உருவம் தெரியும். அம்மையார் நம்மை எச்சரிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் சிவன் ஆடும் ஆட்டத்தில்.

பூசி மெழுகாதீர்கள் ஐயா. அவர் பதிகமே சுடுகாட்டைத்தான் பாடுகிறது, அது பயமுறுத்தல் இல்லையா? (அதே நாகப்பட்டினம்)

சுடுகாடுதான், மறுக்கவில்லை. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண் எல்லாம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் உண்டு. ஆனால் அந்தக் காடு இறைவன் ஆடும் இடம். பயமுறுத்த நினைப்பவர் அங்கேயே தங்கிப் பாட மாட்டார்.

நடராஜர் சடையிலும் மண்டையோடு இருக்கிறதே, நாகப்பட்டினத்தார் சொல்வது சரிதான். (மயிலாடுதுறை)

அதே சடையில் பிறையும் கங்கையும் இருக்கின்றன. மண்டையோட்டை மட்டும் பிய்த்தெடுத்துப் பொருள் சொன்னால் வடித்த ஸ்தபதிக்கு அநியாயம்.

உடையாளூரில் இருப்பது ராஜராஜன் சமாதிதானே?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். அங்குள்ள முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு, சிவபாதசேகர தேவர் திருமாளிகை மண்டபத்தைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அது ராஜராஜன் பட்டப்பெயர், சரி. சமாதி என்று அதில் இல்லை. பள்ளிப்படைதான், அதாவது இறந்த அரச குடும்பத்தாருக்கு நினைவாக எடுத்த கோயில்தான், பார்க்க வேண்டுமென்றால் பட்டீஸ்வரம் பக்கம் போங்கள். சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் ராஜேந்திரன் எடுத்தது இருக்கிறது. அங்கேயும் சாக்பீஸ் வேண்டாம்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் கிடைக்குமா?

கோயில் அலுவலகத்தில் கேளுங்கள்.

உடையாளூர் சமாதி பற்றி…

மேலே இருக்கிறது.

தஞ்சாவூரில் மரணப்படுக்கைச் சிற்பம் உண்டாமே?

நல்ல கேள்வி தம்பி. சிவகங்கைப் பூங்கா தேவாலயத்தில் பளிங்கில் இருக்கிறது, ஜான் ஃபிளாக்ஸ்மன் வடித்தது. 1798இல் இறந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸின் படுக்கையருகே இரண்டாம் சரபோஜி. சரபோஜியே செய்வித்தார். அவசியம் பாருங்கள், கை மட்டும் வைக்காதீர்கள்.