ஹட்டன் பக்கத்து வீட்டுக்கு எந்த மரம்?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டுகிறோம். கதவு, ஜன்னல், சமையலறை அலுமாரிக்கு எந்த மரம் எடுக்கலாம்? மச்சான் தேக்குதான் என்கிறார். மர ஆலைக்காரர் மஹோகனி போதும் என்கிறார். தோட்டத்தில் வெட்டிய சவுக்குப் (சில்வர் ஓக்) பலகையும் கொஞ்சம் கிடைக்கிறது.

பதில்: மரத்தின் பெயர் இருக்கட்டும், முதலில் பலகை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கி அகலத்தில் உப்பும். ஜனவரி, பெப்ரவரியில் சுருங்கும். நீளத்தில் பெரிதாக அசையாது. ஜூலையில் கதவு இறுகுகிறது என்று தச்சு பாஸ் சீவிவிட்டுப் போவார், பெப்ரவரியில் அதே இடத்தில் விரல் நுழையும். பச்சைப் பலகை என்றால் இது இன்னும் மோசம்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பலகையின் நுனியில் அல்லாமல் நடுப்பக்கமாக ஒரு சிறு துண்டு அறுத்து, சமையல் தராசில் நிறுங்கள். 230 கிராம் என்று வைப்போம். ஓவனில் 103 பாகை செல்சியஸில் வைத்து, எடை இனி குறையாது என்ற நிலை வரும்வரை அடிக்கடி நிறுங்கள். 200 கிராமில் நின்றால், குறைந்த 30 கிராமும் தண்ணீர். அதாவது காய்ந்த எடையில் 15 சதவீத ஈரம். நம் குளிருக்கு அதுதான் சரியான அளவு. 25 சதவீதம் வந்தால் அந்தப் பலகையைத் தொடாதீர்கள்.

சரி, இனி மரம். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ளது, கறையான் எளிதில் தொடாது, உப்பிச் சுருங்குவதும் குறைவு. மழை நேரே அடிக்கும் ஜன்னலுக்கும் வாசற்கதவுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் இளம் தேக்கில் வைரம், அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த கெட்டிப் பகுதி, குறைவு. வெளுத்த வெளிறுப் பகுதி உளுத்துப் போகும். வைரமில்லாத தேக்கைவிட வைரம் பாய்ந்த பலா எவ்வளவோ மேல். அறுத்த புதிதில் பலா பளிச்சென்ற மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். அந்த நிறமாற்றத்துக்காகவே எனக்குப் பிடித்த மரம் இது. சொந்தப் பலாவை வெட்டுவதாக இருந்தால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

மஹோகனி உள் கதவுக்கும் அலுமாரிக்கும் நல்லது. இழைப்புளிக்கு இணங்கும், முறுக்காது. வெளியே மழை படும் இடத்துக்கு வேண்டாம்.

சவுக்கை ஒதுக்கிவிடாதீர்கள். தேயிலைக்கு நிழலாக நின்ற மரம் என்று விறகுக்குப் போடுகிறார்கள், மனம் வலிக்கிறது. நடுவிலிருந்து பட்டைப் பக்கமாகப் போகும் வாக்கில் அறுத்தால், முகப்பில் மீன் செதில் போல மினுங்கும் பூவேலை தெரியும். அலுமாரிக் கதவுக்கு அதைவிட அழகு வேறு தேவையில்லை. ஈரத்தில் வைத்தால் மட்டும் சீக்கிரம் உளுக்கும். இழைக்கும்போது தூள் பட்டுச் சிலருக்குத் தோல் அரிக்கும், பாஸிடம் சொல்லி வையுங்கள். யூக்கலிப்டஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெடிக்கும், முறுக்கும், கதவுக்கு வேண்டாம்.

அப்புறம், வார்னிஷ் பூசும்போது கதவின் அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் விடாதீர்கள். கதவை மாட்டிய பிறகு அங்கே தூரிகை போகாது. ஆனால் மரத்தின் நுனி வழியாகத்தான் ஈரம் மிக வேகமாக ஏறும். மாட்டும் முன்பே அந்த இரண்டு விளிம்புக்கும் இரண்டு கை பூசச் சொல்லி, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.