மான்செஸ்டரிலிருந்து இரண்டு நாள்: அணைக்கரை சைக்கிள் பாதைகள்

கேள்வி: மான்செஸ்டரில் இருக்கிறோம், கார் கிடையாது. நான், மனைவி, 11 வயது மகள். மூவரிடமும் கேரியர் மாட்டிய டூரிங் சைக்கிள் இருக்கிறது. பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா பக்கம் மூர் எனப்படும் மரமற்ற மேட்டு நிலத்தையும் நீர்த்தேக்கங்களையும் பார்த்துக்கொண்டு, வண்டி வாகனம் வராத பாதையில் இரண்டு நாள் ஓட்ட ஆசை. லாங்டென்டேல் வழியாக மலையைத் தாண்டி ஷெஃபீல்டு வரை போய்விடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: ஷெஃபீல்டு வரை இப்போதைக்கு வேண்டாம். இரண்டு நாளையும் இரண்டு தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் லாங்டென்டேல், மறுநாள் அப்பர் டெர்வென்ட் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் ரயிலில் போய், இரவு வீட்டுக்கே திரும்பிவிடலாம். சுமையும் பாதியாகக் குறையும்.

வண்டி வராத பாதை என்று வரைபடம் காட்டும் இடத்தில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. ஒரு பாதை முடிந்து அடுத்த பாதை தொடங்கும் வரை உள்ள இடைவெளியில்தான் சிக்கல். குழந்தையோடு போகிறவர்கள் பாதையின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து பாதை எவ்வளவு தூரம், நடுவில் எந்தச் சாலையைக் கடக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால் கிளம்பலாம்.

அந்த வகையில் லாங்டென்டேல் ட்ரெய்லுக்கு ஈடு குறைவு. ஹாட்ஃபீல்டு நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சற்றுத் தள்ளிப் பாதை தொடங்கிவிடுகிறது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடிய வுட்ஹெட் ரயில் தடம்தான் இது. 1970இல் பயணிகள் ரயிலும் 1981இல் சரக்கு ரயிலும் நின்றன. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் ஏறக்குறைய 100 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான். ஹாட்ஃபீல்டிலிருந்து வுட்ஹெட் சுரங்க வாய் வரை ஆறரை மைல், அதாவது பத்தரை கிலோமீட்டர். போகும்போது முழுக்க மெல்லிய ஏற்றம், திரும்பும்போது இறக்கம்.

பாதையின் இடப்பக்கம் பாட்டம்ஸ், வேல்ஹவுஸ், ரோட்ஸ்வுட், டார்சைட், வுட்ஹெட் என்று ஐந்து நீர்த்தேக்கங்கள் படிப்படியாக மேலேறிக்கொண்டே வரும். மான்செஸ்டர் நகரத்தின் குடிநீருக்காகப் பொறியாளர் ஜான் ஃபிரெடெரிக் பேட்மேன் 1848 முதல் 1877 வரை கட்டிய அணை வரிசை இது. வலப்பக்கம் 633 மீட்டர் உயர பிளீக்லோ மலை. அதன் சரிவில் கறுப்புக் கரிமண்ணும் ஹெதர் புதரும்தான், மரம் அரிது. ஆகஸ்டில் போனால் ஹெதர் பூத்துச் சரிவு முழுக்க ஊதா நிறமாக இருக்கும். உங்களால் முடிந்தால் அந்த மாதத்தையே தேர்ந்தெடுங்கள்.

வழியில் ஒரே ஒரு சாலைக் கடப்பு, டார்சைடில். பி6105 சாலையில் வண்டிகள் வேகமாக வரும், வளைவும் உண்டு. மூவரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். வழியில் கடை கிடையாது. தண்ணீர், சாப்பாடு இரண்டையும் ஹாட்ஃபீல்டிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்க வாய்க்கு முன்னால் பழைய வுட்ஹெட் நிலையத்தின் நடைமேடை இன்னும் நிற்கிறது. உங்கள் பயணத்துக்கு அதுதான் திரும்பும் இடம். நண்பர் சொன்ன ஷெஃபீல்டு வழி அங்கிருந்துதான் கெடுகிறது. மூன்று மைல் நீளச் சுரங்கத்துக்குள் இப்போது உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன, ஆளுக்கு வழியில்லை. அதனால், லாங்டென்டேல் ட்ரெய்லையும் உள்ளடக்கிய நீண்ட பாதையான டிரான்ஸ் பென்னைன் ட்ரெய்ல் சுரங்கத்தின் தலைக்கு மேல் ஏறி, 400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைத் தாண்டி, டன்ஃபோர்ட் பிரிட்ஜில் இறங்குகிறது. கல்லும் சரளையுமான செங்குத்து வழி. சுமை ஏற்றிய சைக்கிளைப் பல இடங்களில் தள்ளத்தான் வேண்டும். போதாக்குறைக்கு ஏ628 சாலையைக் கடக்க வேண்டும். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டு பக்கத்துக்கும் இடையே லாரிகள் ஓயாமல் போகும் சாலை அது. சிக்னலோ பாலமோ இல்லாத இடத்தில், மலை மூட்டத்தில், 11 வயதுப் பிள்ளையோடு அதைக் கடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டன்ஃபோர்ட் பிரிட்ஜிலிருந்து பெனிஸ்டன் வரை மறுபடியும் சமமான ரயில் தடம்தான். அந்தத் துண்டை வேறொரு நாள், பெனிஸ்டனுக்கு ரயிலில் போய், அங்கிருந்து போய்த் திரும்பிப் பாருங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, வழக்கமான காற்று மேற்கிலிருந்து வரும். போகும்போது அது முதுகில் தள்ளும், ஏற்றமே தெரியாது. திரும்பும்போது இறக்கத்தில்கூட மிதித்துத்தான் வர வேண்டியிருக்கும். ஆகவே போக ஒரு மணி நேரம் ஆனால் திரும்பவும் ஒரு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். இறக்கம்தானே என்று வெளிச்சத்தைக் கடைசிவரை செலவழிக்க வேண்டாம்.

மறுநாள் மான்செஸ்டர் பிக்கடில்லி நிலையத்திலிருந்து ஹோப் வேலி ரயிலில் பாம்ஃபோர்ட். நிலையத்திலிருந்து தோர்ன்ஹில் ட்ரெய்லுக்குச் சிறிது தூரம் ஊர்ச்சாலை. இந்த ட்ரெய்லும் ரயில் தடமே. ஹவ்டன், டெர்வென்ட் அணைகளைக் கட்ட, கிரிண்டில்ஃபோர்டு பக்கத்துக் குவாரியிலிருந்து பத்து லட்சம் டன்னுக்கு மேல் கல் இந்த வழியாகப் போயிற்று. லேடிபவர் அணை அருகே கொண்டுவிடும். அங்கிருந்து ஆஷப்டன் பாலம் வரை சாலையோரப் பாதை. வண்டிச் சத்தம் இருக்கும், ஓட்டுவது சாலைக்கு வெளியே. ஏ57ஐ சிக்னலில் கடந்ததும் கிழக்குக் கரையின் குறுகலான பாதை ஃபேர்ஹோம்ஸ் வரை அமைதியாகப் போகும். அந்தக் கரையில் இருந்த டெர்வென்ட் கிராமம் இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அந்த ஊரின் பழைய கல் பாலத்தை மட்டும் பிரித்தெடுத்து, பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் 1959இல் மறுபடி கட்டினார்கள்.

ஃபேர்ஹோம்ஸில் கழிப்பறையும் சிற்றுண்டிக் கடையும் உண்டு. அங்கிருந்து மேற்குக் கரையில் கிங்ஸ் ட்ரீ என்ற இடம் வரை தார்ச்சாலை. கோடைக்கால வார இறுதிகளில் அந்தச் சாலையில் கார்களை விடுவதில்லை, அதனால் சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். கிங்ஸ் ட்ரீக்கு மேல் கரடுமுரடான கல் தடம். ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையில் திரும்பினால் ஒரு சுற்று, ஏறத்தாழ 17 கிலோமீட்டர். பாம்ஃபோர்டிலிருந்து கணக்கிட்டால் முழு நாளும் 35 முதல் 40 கிலோமீட்டர் ஆகும். மகள் களைத்துவிட்டால் கிங்ஸ் ட்ரீயிலேயே திரும்பி, வந்த தார்ச்சாலையில் இறங்கிவிடுங்கள். சுற்றின் மேல் பாதி அழகுதான், ஆனால் களைத்த கைகளுக்கு அந்தக் கற்கள் கொடுமை. அங்கே செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது.

ரயிலில் ஒரு முட்டுக்கட்டை. இந்த வழித்தடங்களில் ஓடும் நார்தர்ன் ரயில்களில் ஒரு ரயிலுக்கு இரண்டு சைக்கிள்தான், முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கே இடம். பிள்ளையின் சைக்கிளும் கணக்கில் வரும். ஆக நீங்கள் மூவரும் ஒரே ரயிலில் ஏற முடியாது. ஒருவர் முந்தைய ரயிலில் போய்க் காத்திருக்க வேண்டும், அல்லது ஒருவர் மடக்கு சைக்கிள் கொண்டுவர வேண்டும். 

சைக்கிளைப் பொறுத்தவரை டயர்தான் முதல் விஷயம். 28 மில்லிமீட்டர் டயர் இந்தச் சரளையில் சறுக்கும். 37 அல்லது 40 போடுங்கள். 70 கிலோ ஆளும் 10 கிலோ சுமையும் என்றால் பின்னால் 50, முன்னால் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். மகளின் சைக்கிளில் இன்னும் குறையுங்கள். காற்றை மிகவும் குறைத்தால் கல் விளிம்பில் ட்யூப் ரிம்மோடு நசுங்கி, பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டை விழும். இரண்டாவது, கேரியர் போல்ட்டு. கல் தடத்தின் அதிர்வில் ஃபிரேமின் அடியில் உள்ள எம்5 போல்ட்டு மெல்ல மெல்லக் கழன்று, ஒரு நாள் கேரியர் சக்கரத்துக்குள் சாய்ந்துவிடும். கிளம்புமுன் 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் இறுக்குங்கள், மதியச் சாப்பாட்டின்போது விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், உதிரியாக இரண்டு போல்ட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஓட்டினால் கல்தூள் செயினில் பசைபோல் ஒட்டி, பல்லையும் பிரேக் ஷூவையும் தேய்க்கும். வீடு திரும்பியதும் தண்ணீரால் கழுவி, துடைத்து, பிறகே எண்ணெய் விடுங்கள்.

மோட்டார் சைக்கிள் நுழையாமல் தடுக்க டிரான்ஸ் பென்னைன் ட்ரெய்லில் ஆங்காங்கே குறுகலான இரும்புத் தடுப்புகள் உண்டு. பக்கப் பைகளோடு நுழையாது. கொக்கியால் சட்டென்று கழற்றும் வகைப் பையாக இருந்தால் அரை நிமிட வேலை. பிள்ளை வண்டி இழுப்பவர்களும் இருவர் ஓட்டும் டேண்டம் வைத்திருப்பவர்களும் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

வரைபடத்துக்கு, பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் ஓஎல்1, டார்க் பீக் தாள். அதில் குட்டிப் பச்சைக் கோடுகள் நடப்பவர்களுக்கு மட்டும், நீளமான பச்சைக் கோடுகளில் சைக்கிளுக்கும் உரிமை உண்டு. லாங்டென்டேலைக் குறுக்கே கடக்கும் பென்னைன் வே நடைபாதையில் சைக்கிளைத் திருப்ப வேண்டாம். நீளக் கோட்டுப் பாதையிலும் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் சட்டப்படி நாம்தான் வழிவிட வேண்டும். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணி அடிக்காமல், குரல் கொடுத்து மெதுவாகப் போங்கள்.

மூர் நிலத்துப் புதரில் உண்ணிகள் உண்டு, லைம் நோயைப் பரப்பக்கூடியவை. புல்லில் உட்கார்ந்து சாப்பிட்ட நாளில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, மகளின் தலைமுடி ஓரம் எல்லாம் அன்றிரவே பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; எண்ணெய் விடுவதோ சுடுவதோ கூடாது. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.