ஜூன் 16-க்குத் தோஷம் உண்டா?

கேள்வி: எங்கள் ஊர்க்காரர், முன்னாள் மலேசிய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்தது ஜூன் 16. இதே வட்டாரத்தில் 1948-இல் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஜூன் 16. என் பேத்தியும் அன்றுதான் பிறந்தாள். நாளில் ஏதோ தோஷம் இருப்பதாகச் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தோஷம் எதுவும் இல்லை, அம்மா. பேத்தியின் பிறந்த நாளைத் தயங்காமல் கொண்டாடுங்கள்.

1948-இல் அந்த ஜூன் 16 காலை எட்டரை மணிவாக்கில் சைக்கிளில் வந்தவர்கள் எல்பில் தோட்ட அலுவலகத்தில் வாக்கர் துரையைச் சுட்டார்கள். சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இருவர் கொல்லப்பட்டனர். இதற்குக் காரணம் தேதியன்று. போர் முடிந்ததிலிருந்து கூலிக்காக நடந்த வேலைநிறுத்தங்கள், அவற்றின்மீது பாய்ந்த அடக்குமுறை, தொழிற்சங்கங்களை முடக்கிய சட்டங்கள், ஆயுதப் போராட்டத்தை நோக்கித் திரும்பிய கம்யூனிஸ்டுக் கட்சியின் போக்கு ஆகியவை சேர்ந்தே நாட்டை அந்தக் காலைக்குக் கொண்டுவந்து நிறுத்தின. பிரிட்டிஷ் அரசு அறிவித்து, ஜூன் 18-இல் மலாயா முழுவதும் பரவிய அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டத் தொழிலாளிக்காகப் பேசிய தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நாள் பார்த்துக் கலங்கும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் தேதி தெரியும்?

சம்பந்தனையும் பிறந்த நாள் உயர்த்திவிடவில்லை. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுக் கிளம்ப, பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்து நின்ற காலத்தில், அவர் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 100 வெள்ளி (மலாயா டாலர்); அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தோட்டக் கூலியில் அந்தப் பத்து வெள்ளியை எடுத்துவைப்பது எளிதன்று. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் தோட்டங்கள் தொழிலாளர் கைக்கு வந்தன. அவருடைய பிறந்த நாளுக்கு மாலை போடும் ஊர், பணம் கட்டிய அந்தக் குடும்பங்களையும் பெயர் சொல்லி நினைக்க வேண்டும்.

நெசவாலையில் வேலை பார்த்திருந்த வலெந்தினா தெரெஷ்கோவா, விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணாகப் புறப்பட்டதும் 1963 ஜூன் 16-ஆம் நாள்தான். பேத்திக்கு விவரம் தெரியும் வயதில் இதையும் சொல்லுங்கள். எல்பில் தோட்டத்தில் நடந்ததையும், அது ஏன் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.